ஒரே ஒரு குற்ற வழக்கு போதுமா?

2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் ஓர் இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், சென்னையை அடுத்த முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். உடல் எரிந்த நிலையில் கிடைத்தது. தமிழ்நாடே கொதித்துப்போயிருந்த வழக்கு அது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 8 அன்று, உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவரை விடுதலை செய்தது.

காரணங்களை அந்த அமர்வு ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அந்த இளைஞருக்கு வழக்கறிஞர் இல்லை. பிறகு சட்ட உதவியில் ஒருவரை நியமித்தார்கள். அவர் வழக்குக் கட்டைப் படித்துத் தயாராவதற்குப் போதிய அவகாசம் தராமல் சாட்சி விசாரணையைத் தொடங்கிவிட்டார்கள். குற்றவாளி என்று அறிவித்த நாளிலேயே தூக்குத் தண்டனையும் சொல்லப்பட்டது. அரசுத் தரப்பு பெரிதாக நம்பியிருந்த கண்காணிப்பு கேமராப் பதிவு நீதிமன்றத்தில் முறைப்படி சான்றாக்கப்படவில்லை. வாக்குமூலத்தின் பேரில் பொருள்களைக் கைப்பற்றியதாகச் சொன்ன விவரங்கள் நம்பும்படி இல்லை. மரபணு மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதற்கு ஐயமற்ற பதிவு இல்லை.

இந்தத் தீர்ப்பைத் திட்டியவர்கள் அதிகம், படித்தவர்கள் குறைவு. திட்டியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு குழந்தை கொல்லப்பட்டிருக்கிறாள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதைச் செய்தது யார் என்ற கேள்விக்குச் சட்டத்திடம் விடை இல்லை. பெற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடுமை என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கொடுமை டெல்லியில் விளைந்ததன்று. புலனாய்வில் விட்ட ஓட்டைகளிலும், விசாரணை நீதிமன்றம் காட்டிய அவசரத்திலும் விளைந்தது. தொடக்கத்திலேயே விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் எதிர்த் தரப்பில் நின்று போலீசார் எழுதிய ஒவ்வொரு மகஜரையும் கேள்வி கேட்டிருந்தால், அரசுத் தரப்பும் தன் ஓட்டைகளை அடைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். உண்மை எந்தப் பக்கம் இருந்ததோ, அது அப்போதே வெளியே வந்திருக்கும். எதிரிக்கு நல்ல வக்கீல் கிடைப்பது பாதிக்கப்பட்டவருக்கு எதிரானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த வழக்கில் கடைசியில் ஏமாந்து நிற்பது பாதிக்கப்பட்ட குடும்பம்தான்.

நாடெங்கும் இந்த நோய் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2013-இல் நடந்த அனோக்கிலால் வழக்கில் குற்றச்சாட்டு வனைந்த அன்றுதான் சட்ட உதவி வழக்கறிஞர் வந்தார். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் விசாரணை முடிந்து தூக்கும் விதிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாளாவது தர வேண்டும் என்று நெறி வகுத்தது. ஏழு நாள் அவகாசம் தாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நம் நிலைமையைக் காட்டுகிறது.

அந்தப் பத்தாண்டு அனுபவக்காரர் எங்கிருந்து வருவார்? சட்டக் கல்லூரியிலிருந்துதான். ஆகவே இந்தத் தீர்ப்பை நான் கல்லூரி வகுப்பறையோடு சேர்த்தே படிக்கிறேன்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் குவிந்திருக்கும் அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறு மாவட்டங்களில் காண்பது அரிது. செங்கல்பட்டிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வண்டலூர், கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர், படூர் என்று ஜிஎஸ்டி சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையில் தனியார் பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகள். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போனால், ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் வருகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் புதுப்பாக்கத்தில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. வருங்கால டிஎஸ்பியும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யப்போகும் வருங்கால வழக்கறிஞரும் ஒரே சாலையில் படிக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பது, பல ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு சாட்சிக் கூண்டின் முன்னால்.

புதுப்பாக்கம் கல்லூரியின் கதை பலருக்குத் தெரியும். 1891-இல் தொடங்கிய மதராஸ் சட்டக் கல்லூரியின் வாரிசு அது. உயர் நீதிமன்ற வளாகத்தின் ஓரத்தில், செங்கல் சிவப்பும் கோபுரங்களுமாக நின்ற அந்தக் கட்டடத்தில் வகுப்பு முடிந்தால் சில நிமிட நடையில் நீதிமன்றம். 2008 நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலில் மாணவர்கள் தங்களுக்குள் சாதியாகப் பிரிந்து தாக்கிக்கொண்டதையும், போலீசார் வேடிக்கை பார்த்ததையும் தொலைக்காட்சியில் நாடு பார்த்தது. விசாரணை ஆணையம் அமைந்தது, கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. மெட்ரோ ரயில் சுரங்கப் பணியும் சேர்ந்துகொள்ள, 2018-இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் திருவள்ளூர் மாவட்டம் பட்டரைபெரும்புதூருக்குமாகப் பிரிந்து போனது. மாணவர்கள் கடுமையாகப் போராடினார்கள். நீதிமன்றத்தைக் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சட்டம் படிப்பது என்பது அவர்கள் கேள்வி. மிகச் சரியான கேள்வி. அதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் தரப்படவில்லை.

பழைய கட்டடம் இருந்த பாரிமுனையை நினைத்து ஏங்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உயர் நீதிமன்றத்தில் மாணவர் பார்த்தது பெரும்பாலும் ரிட் மனுக்களையும் மேல்முறையீடுகளையும்தான். குற்ற வழக்கு உயிரோடு இருக்கும் இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், தாம்பரம், செங்கல்பட்டு என்று அந்த நீதிமன்றங்கள் இப்போது இந்த மாணவர்களைச் சுற்றியே இருக்கின்றன. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமே செங்கல்பட்டில்தான் இயங்கியது. முகலிவாக்கம் வழக்கு இங்கே வந்ததும் அப்படித்தான். இடமாற்றத்தால் ஒரு வாசல் மூடியது உண்மை. திறந்திருக்கும் இன்னொரு வாசலுக்குள் மாணவர்களை அழைத்துப் போக ஆளில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

மாணவர் எத்தனை குற்ற வழக்குகளைப் பார்த்தால் பட்டம் பெறலாம் என்று தெரியுமா? இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்குகின்றன. அதில் ஒன்றான மாதிரி நீதிமன்றத் தாளில், படிப்பின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் இரண்டு வழக்குகளின் விசாரணையைக் கவனித்து எழுத வேண்டும்: ஒன்று சிவில், ஒன்று கிரிமினல். முப்பது மதிப்பெண். ஐந்தாண்டு படிப்பவருக்கு இருபது வாரம், மூன்றாண்டு படிப்பவருக்குப் பன்னிரண்டு வாரம் களப் பயிற்சியும் உண்டு. அதைப் பலவகை அலுவலகங்களில் முடிக்கலாம், குற்ற வழக்கின் பக்கமே போகாமலும் முடிக்கலாம். ஆக, ஒரு மனிதரின் உயிருக்காக வாதாடும் உரிமையைப் பெறுவதற்கு முன் கட்டாயமாகப் பார்க்க வேண்டிய குற்ற வழக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் பல கல்லூரிகளில் எப்படி நடக்கிறது என்பதைச் சட்டம் படித்த எவரிடம் கேட்டாலும் சொல்வார். முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து இன்னொரு ரெக்கார்டு நோட்டு. வழக்கு எண் மாறும், கையெழுத்து மாறும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இயங்குகிறது. அங்கே ஒரு மாணவர் ஒரே ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா?

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்தாலே பாடப் புத்தகத்தில் இல்லாதவை தெரியும். நேற்றிரவு கைதானவரை ரிமாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஏதாவது புகார் உண்டா என்று கேட்கப்படுகிறது. அவர் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரைப் பார்க்கிறார், இல்லை என்கிறார். கைதானவருக்குப் பாதுகாப்பு தரும் அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவும், டி.கே. பாசு வழக்கின் கைது நெறிகளும் அந்த ஒரு பார்வையில் உயிர் பெறும், அல்லது சாகும். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர்களுக்கு எங்கே போவது? வாய்தாவுக்காகக் கூலியை விட்டுவிட்டு வந்த சாட்சி, இன்று விசாரணை இல்லை என்று தெரிந்து திரும்பிப் போகிறார். மூன்றாவது முறை அவர் வரமாட்டார், வந்தாலும் பிறழ் சாட்சி ஆகிவிடுவார். வழக்குகள் ஏன் தோற்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் நடத்த முடியாது.

அடுத்தது மொழி. கல்லூரியில் பிரிவுகளையும் முன்தீர்ப்புகளையும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உருப்போடுகிறார்கள். நீதிமன்றத்திலோ முதல் தகவல் அறிக்கை, சாட்சியின் வாக்குமூலம், பார்வை மகஜர், மரண வாக்குமூலம் எல்லாம் தமிழில் இருக்கின்றன, அதுவும் ஏட்டையாவின் அவசரக் கையெழுத்தில். ‘கைப்பற்றினேன்’ என்பதற்கும் ‘ஆஜர்படுத்தியதைப் பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு வழக்கு நிற்கலாம், விழலாம். முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வரும் கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் போதவில்லை என்று கூசுகிறார்கள். குற்ற வழக்கின் இதயம் இருக்கும் இந்தத் தமிழில் அவர்கள்தான் வல்லவர்கள் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

செங்கல்பட்டுக்கு இன்னொரு முகவரியும் உண்டு. இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளி இங்கே 1887-இல் தொடங்கப்பட்டது. சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கக்கூடாது என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு அவ்வளவு பழையது. இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தை 1920-இல் இயற்றியதும் மதராஸ் மாகாணம்தான். இப்படிப்பட்ட ஊரில், 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில், அரசினர் சிறார் இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாகத் தாம்பரம் ரயில்வே போலீசார் பிடித்துக் கொண்டுவந்து சில நாள்கூட ஆகவில்லை. அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கு. இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது, அவரும் அறிக்கை தந்தார்.

அந்தச் சிறுவன் இறந்த நாளில் இதே ஊரில் எத்தனை மாணவர்கள் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவுகளைத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. அவர்கள் மீது குற்றமில்லை. அந்த இல்லத்தின் கதவு அவர்களுக்குத் திறக்கப்பட்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை வெளியாள் வருகிறார், கையில் குறிப்பேடு வைத்திருக்கிறார், பிள்ளைகளிடம் தனியே பேசுகிறார் என்ற நிலை இருந்தால் கை ஓங்குபவர்கள் யோசிப்பார்கள். மூடிய சுவர்களுக்குள் நடப்பதைத் தடுக்கக் கூடுதல் சட்டம் உதவுவதைவிட, வந்து போகும் கண்கள் உதவும். சிறார் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்ததே, வெளியார் கண் உள்ளே இருக்கட்டும் என்றுதான்.

2022 ஜனவரியில் செங்கல்பட்டு நகரில் ஒரே மாலையில் இரண்டு கொலைகள் நடந்தன. மறுநாளே, தேடப்பட்ட இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். என்கவுன்ட்டர் சாவுகள் ஒவ்வொன்றையும் வேறு பிரிவு புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் வகுத்த நெறிகளை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், சொந்த ஊரில் நடந்ததை உதாரணம் காட்டி நடத்த வேண்டும். தயக்கம் இருக்கும். சட்டம் நடத்துபவர் தயங்கினால் மாணவர் துணிவை எங்கே கற்பார்?

குற்றவியல் என்றதும் கொலையும் கொள்ளையும் மட்டும் நினைவுக்கு வருவதும் குறைதான். மாமல்லபுரம் கரைக்குப் போனால் வேறு பாடங்கள் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இயங்குகிறது. பாம்புத் தோலுக்காக வேட்டையாடுவதுதான் இருளர் பழங்குடியினர் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது; தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் குற்றமாகிவிட்டது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடும் முறையைச் சட்டபூர்வமாக்கி, அதே கைத்திறனை மருந்துக்குப் பயன்படுத்தியது அந்தச் சங்கம். நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்து தயாரிக்க இந்த விஷம் போகிறது. ஒரு சட்டம் ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கவும் முடியும், வழி செய்தால் அவர்களைக் கொண்டே உயிர் காக்கவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தக் கரையில் இல்லை.

இதே இருளர்கள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்காகக் கொத்தடிமையாகக் கிடந்து, வருவாய்க் கோட்டாட்சியரின் விடுதலைச் சான்றிதழோடு மீண்ட கதைகள் இந்தப் பகுதியில் எத்தனையோ. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்றும் கையில் எடுக்க வேண்டிய சட்டமாகவே இருக்கிறது. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலைத் தகராறு முதல் குடும்பத் தகராறு வரை தீர்த்துவைக்கிறது, அபராதம் போடுகிறது. சில நேரம் ஊரைவிட்டு ஒதுக்கியும் வைக்கிறது. அங்கே எது நியாயம், எது சட்ட மீறல் என்று பிரித்தறிய ஒரு மாணவர் கரையில் உட்கார்ந்து கேட்டால்தான் முடியும்.

மாமல்லபுரத்துப் பல்லவர்களில் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நாடகத்தில், காஞ்சியில் நடக்கும் ஒரு தகராறு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற கட்டத்துக்கு வருகிறது. மடத்துப் பணம் உள்ளவர் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார், சாம்பலும் பாம்புத் தோலும் தவிர ஒன்றுமில்லாத நமக்கு அங்கே என்ன வேலை என்று ஏழைக் காபாலிகத் துறவியின் துணைவி கேட்கிறாள். ஏழாம் நூற்றாண்டில், ஓர் அரசனே தன் ஆட்சியின் நீதிமன்றங்களைப் பற்றி ஓர் ஏழையின் வாயால் இப்படிச் சொல்ல வைத்திருக்கிறான். அவள் கேட்ட கேள்விக்கான விடையாகத்தான் அரசியல் சாசனத்தில் இலவசச் சட்ட உதவிக்கான 39-அ பிரிவு வந்தது, 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் வந்தது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டப் படிப்பு இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டமும் 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1872-இன் சாட்சியச் சட்டமும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்று மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. பழைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302 இப்போது 103. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. பழைய வழக்குகள் பழைய சட்டத்திலேயே நடக்கும் என்பதால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். புதிய எண்களை மனப்பாடம் செய்வதிலேயே மாணவர்களின் உழைப்பு போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. எண்ணைக் கைபேசி சொல்லிவிடும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 176-ஆவது பிரிவு சொல்கிறதே, உண்மையில் வந்தாரா, எப்போது வந்தார், எதை எடுத்தார் என்று கேட்கத் தெரிந்த வழக்கறிஞர்தான் முகலிவாக்கம் போல இன்னொரு வழக்கு சிதையாமல் தடுப்பார்.

மாணவர்களால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்பட வேண்டும். ஆயுளோ மரணமோ தண்டனையாக உள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் தடை உண்டு. பழைய கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். கைதான நாள், சாட்டப்பட்ட பிரிவு, உச்சபட்சத் தண்டனை, வேறு வழக்கு உண்டா, இல்லையா. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. சட்ட மாணவர்களைத் தன்னார்வச் சட்டப் பணியாளர்களாகச் சேர்க்க தேசியச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் திட்டமே இடம் தருகிறது. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் நடத்த 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இருக்கின்றன. கிளைச் சிறையில் கணக்குப் போட்டு, தகுதியானவர்களின் பட்டியலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் கொடுப்பது ஒரு பருவத்தின் செய்முறைத் தாளாகவே இருக்கலாம்.

மாணவர்களால் பெரிய வேலையும் முடியும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் அனூப் சுரேந்திரநாத் தலைமையில், தூக்குத் தண்டனைக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் தேடிச் சென்று பேசும் பணியில் மாணவர்கள் இறங்கினார்கள். 373 கைதிகளைப் பற்றிய அந்த ஆய்வு 2016-இல் இந்திய மரண தண்டனை அறிக்கையாக வந்தது. தூக்குக்கொட்டடியில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வறியவர்கள் என்று அதற்கு முன் ஊகமாகச் சொன்னதை அந்த அறிக்கை ஆவணமாக்கியது. நியூயார்க்கின் கார்டோசோ சட்டப் பள்ளியில் 1992-இல் பாரி ஷெக்கும் பீட்டர் நியூஃபெல்டும் தொடங்கிய பணியில், மாணவர்கள் பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்து மரபணுச் சோதனையால் நிரபராதிகளை மீட்கத் துணை நின்றார்கள். டெல்லியிலும் நியூயார்க்கிலும் முடிவது புதுப்பாக்கத்தில் முடியாதா?

தடைகள் உண்டு, மறுக்கவில்லை. போக்சோ வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டியவை. அங்கே மாணவர் கூட்டம் நுழையக்கூடாது, நுழைந்தால் அது இன்னொரு கொடுமை. முடிந்த வழக்கின் கட்டைப் பெயர் மறைத்துப் படிப்பதுதான் அங்கே வழி. சிறார் இல்லத்தில் பேசும் பிள்ளையின் அடையாளம் ரெக்கார்டு நோட்டில் வரக்கூடாது. போகும் மாணவருக்கு முன்பயிற்சி வேண்டும், கூடவே போக ஆசிரியர் வேண்டும். நீதிமன்றமே போகாத ஆசிரியர் போதாது, வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரும் துணைக்கு வர வேண்டும். குறிப்பிட்ட சிலருக்காக வாதாட மாட்டோம் என்று தீர்மானம் போடும் வழக்கம் பார் அசோசியேஷன்களில் இருந்ததை மறக்க முடியாது. கோவையிலிருந்து போன ஒரு வழக்கில்தான் அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. இதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும், முதலாண்டிலேயே.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கிரிமினல் பக்கம் போனால் சோறு கிடைக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எத்தனை சீனியர்கள் தருகிறார்கள் என்பதை ஜூனியர்களிடம் கேட்க வேண்டும். 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் ஒரு நல்ல கதவு. தனி வழக்கு எடுக்காமல், முழுநேரமாக ஏழை எதிரிகளுக்காக மட்டும் வாதாடும் வழக்கறிஞர்களை அது மாவட்டங்களில் அமர்த்துகிறது; உதவி நிலைப் பணிக்குப் புதிதாகப் பதிவு செய்தவர்களே வரலாம். அரசு வழக்கறிஞருக்கு நிகரான ஊதியமும் அலுவலகமும் அதற்குக் கிடைத்தால், நன்றாகப் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

பார் கவுன்சில் விதி சொல்லும் ‘ஒரு குற்ற வழக்கு’ குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேல் வைக்கக்கூடாது என்று எந்த விதியும் தடுக்கவில்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவே முடிவெடுக்கலாம். ரிமாண்டிலிருந்து தீர்ப்பு வரை ஒரு வழக்கை இரண்டு பருவங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு கிளைச் சிறை, ஒரு சிறார் இல்லம், ஒரு பிரேதப் பரிசோதனைக் கூடம் கட்டாயம். 2025 அக்டோபர் 8 தீர்ப்பைத் தமிழில் மொழிபெயர்த்து, சிறுமியின் அடையாளம் எங்கும் வராமல், மூன்றாம் ஆண்டுப் பாடமாக வைக்க வேண்டும். ஊனமாஞ்சேரியில் பயிலும் காவல் அதிகாரிகளையும் புதுப்பாக்கம் மாணவர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, அதே வழக்கின் மகஜர்களை இரு தரப்பும் எப்படி எழுதியிருப்பார்கள், எப்படிக் கேள்வி கேட்டிருப்பார்கள் என்று விவாதிக்க வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மாவட்ட முதன்மை நீதிபதியின் அனுமதியும், சிறைத் துறை, சமூகப் பாதுகாப்புத் துறைகளின் ஒப்புதலும், வாரத்துக்கு இரண்டு நாள் ஓடக் கல்லூரிக்கு ஒரு பேருந்தும் வேண்டும். வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணை தயாராகும்போதே இவற்றைக் கேட்டு வாங்கலாம்.